சயின்ஸ் லேபில் ஒரு கட்டில்

— (அந்த வார்த்தையை நான் எழுதியிருக்கவே கூடாது. வழக்கம்போல ‘கருணை கூர்ந்து’ என்று எழுதியிருந்தால் கருணை கிடைத்திருக்காது. கட்டிலும் கிடைத்திருக்காது. எங்கள் பள்ளி கரெஸ்பாண்டென்ட் வேன் டிரைவரோடு வந்து, என் வீட்டு கேட்டுக்கு வெளியே நின்று என் படுக்கையைப் பற்றிப் பேசுகிறார். நான் கேட்டுக்கு உள்ளே நின்று தலையாட்டிக்கொண்டிருக்கிறேன். இந்தத் தலைக்கு ஆடுவதைத் தவிர வேறெதையும் நான் கற்றுக்கொடுக்கவில்லை.)

— என்ன ஆக்னஸ் மேடம், சத்தத்தையே காணோம்? சந்தோஷத்துல வாயடைச்சுப் போச்சா?

— இல்ல சார். எனக்கு எதுக்குக் கட்டில்னு யோசிக்கறேன்.

— எதுக்கா? நீங்கதானே கேட்டீங்க! லெட்டர்ல தெளிவா எழுதியிருக்கீங்க, மெடிக்கல் அக்காமடேஷன் வேணும்னு. மேனேஜ்மெண்ட் படிச்சுது. படிச்சதும் ஃபீல் பண்ணுச்சு. புதன்கிழமை ஸ்கூல் திறக்குது. இந்தம்மா சேக்காட்டுலேருந்து கரையான்சாவடிக்குத் தினம் ரெண்டு பஸ் மாறி வரணும். உடம்பு முடியாதவங்க. தங்கறதுக்கு இடம் கேக்கறாங்க, குடுத்துடுவோம்னு சொல்லிடுச்சு.

— மேனேஜ்மெண்ட்னா நீங்கதானே சார்?

— நான் கரெஸ்பாண்டென்ட் சுப்பராயன். மேனேஜ்மெண்ட் வேற.

— அதுல வேற யார் இருக்காங்க?

— என் வொய்ஃப் இருக்கா. பையன் இருக்கான். எல்லாரும் கலந்து பேசித்தான் நான் முடிவெடுப்பேன்.

— ரூமு சோக்கா கீது மிஸ். ரெண்டாவது மாடி, சயின்ஸ் லேபு. கட்டில நான்தான் ஒண்டியா தூக்கினு போனேன். படில திரும்பசொல்ல செவுத்துல இடிச்சிக்கினு முட்டி பேந்துபோச்சி.

— டில்லிபாபு, நீங்க வேன் ஓட்டறவர். உங்களை எதுக்குக் கட்டில் தூக்கச் சொன்னாங்க?

— புள்ளைங்க வேனு எங்க மிஸ் ஓடுது? ஒன்ற வருசமா ஸ்கூலு மூடிக்கீது. டிரிப்பு நிக்கிது, அதுக்கும் சேத்து நான் ஓடிகினு கீறேன். பக்கெட்டு, மக்கு, கரண்டு அடுப்பு, எல்லாம் வச்சிக்கீது ஒனக்கு.

— அந்த லேப்ல எலும்புக்கூடு ஒண்ணு இருக்குமே.

— கீது கீது. பயந்துக்காத. எங்கூட்டு விஜியோட பழைய பொடவைய சுத்தி வுட்டுட்டேன். தூரத்துலந்து பாத்தா கூட ஒரு டீச்சரு நிக்கிற மாறி கீது. தொணைக்கு ஆச்சி.

— சார், நான் தங்க இடம் கேக்கல. அந்த வார்த்தைக்கு அந்த அர்த்தம் இல்ல.

— அக்காமடேஷன்னா தங்குமிடம் மேடம். பூந்தமல்லி ரோடு முழுக்க லாட்ஜ்காரன் அதைத்தான் போர்டுல எழுதியிருக்கான். நீங்க மேக்ஸ் டீச்சர். இங்கிலீஷை எங்ககிட்ட விடுங்க.

— என் நாத்தனார் பொண்ணு அமெரிக்கால டீச்சர் சார். அங்க உடம்பு முடியாதவங்களுக்கு, உடம்புக்குத் தகுந்த மாதிரி வேலையை மாத்திக் குடுப்பாங்களாம். வீட்லேருந்தே பாடம் எடுக்க விடுவாங்களாம். அதுக்குப் பேரு மெடிக்கல் அக்காமடேஷன்னு அவதான் சொன்னா. அப்படி எழுதினா மதிப்பாங்க அத்தைன்னா.

— அதைத் தமிழ்ல அட்ஜஸ்ட்மெண்ட்னு எழுதக்கூடாதா?

— சரிங்க சார். அட்ஜஸ்ட்மெண்ட்தான் கேட்டேன்.

— அது ஸ்டாஃப் பண்றது மேடம். மேனேஜ்மெண்ட் எங்கயாவது அட்ஜஸ்ட் பண்ணுமா? நீங்க வேற.

— (உண்மைதான். ஸ்டாஃப் ரூமில் நாற்காலி போதவில்லை, அட்ஜஸ்ட் பண்ணிக்கொண்டோம். ஊரடங்கில் பாதிச் சம்பளம், அதையும் அட்ஜஸ்ட் பண்ணிக்கொண்டோம். அந்தச் சொல்லுக்கு ஒரு திசைதான் உண்டு, தண்ணீரைப்போல. அது மேலே ஏறி நான் பார்த்ததில்லை.)

— மேடம், கொஞ்சம் வெயில்ல நிக்கறோம்.

— அந்த முருங்கை நிழலுக்கு வந்துடுங்க சார். மாஸ்க்கை மட்டும் மூக்குக்கு மேல ஏத்திக்கோங்க.

— ஏத்தினா நான் பேசறது உங்களுக்குக் கேக்காது.

— நல்லாக் கேக்கும் சார். சார், டாக்டர் எழுதிக் குடுத்ததையும் சேத்துத்தானே அனுப்பினேன். எனக்கு இருக்கறது மாத்து கிட்னி. எங்க அக்கா குடுத்தது. உடம்பு அதை வேத்தாளுன்னு வெளிய தள்ளிடக்கூடாதுன்னு தினம் மாத்திரை போடறேன். அந்த மாத்திரை எதிர்ப்புச் சக்தியை அமுக்கியே வச்சிருக்கும். ரெண்டு ஊசியும் போட்டாச்சு. அது எனக்கு வேலை செய்யுதான்னு டாக்டருக்கே நிச்சயம் இல்ல. ஒரு ரூம்ல நாப்பது பேரோட உக்காராதீங்க, உயிருக்கு ஆபத்துன்னு சொல்லியிருக்கார்.

— படிச்சோம் மேடம், ஃபீல் பண்ணோம். மேனேஜ்மெண்ட் செகண்ட் ஒப்பீனியன் கூட வாங்குச்சு.

— யார்கிட்ட?

— நம்ம டாக்டர் இராமகிருஷ்ணன்கிட்ட.

— அவர் பல் டாக்டர் சார்.

— பல்லு உடம்புல சேராதா? உங்க ஃபோட்டோவைக் காட்டினேன். கடைசியா நடந்த ஆன்யுவல் டே ஃபோட்டோ. பார்த்துட்டு, நோயாளி மாதிரியே தெரியலையே, நல்லா கன்னமெல்லாம் பூசினாப்பல இருக்காங்களேன்னார். பயம்தான் பெரிய வியாதின்னார்.

— (அந்தக் கன்னம் என்னுடையது இல்லை, மாத்திரையுடையது. தினம் காலையில் கண்ணாடியில் அந்த வட்ட முகம் எனக்கு முன்னால் வந்து நிற்கும். முதல் வருடம் அதோடு சண்டை போட்டேன். இப்போது பல் துலக்கும் நேரத்துக்கு மட்டும் இருவரும் பேசாமல் இருந்துவிடுகிறோம். அந்த முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் பல் டாக்டர் எனக்கு உடல்நலம் எழுதிக்கொடுத்திருக்கிறார்.)

— உங்களுக்கு நாங்க என்ன குறை வச்சோம் சொல்லுங்க? நம்ம ஸ்கூல் ஒரு குடும்பம் மேடம்.

— குறைன்னு சொல்லல சார். ஒன்றரை வருஷமா நான் ஆன்லைன்ல எடுக்கறேன். பிள்ளைங்க யாரும் பின்தங்கல. இன்னும் கொஞ்ச மாசம் அப்படியே எடுக்கறேன்னுதான் கேக்கறேன். பிள்ளைங்க வந்தே ஆகணும்னு இல்ல, வீட்லேருந்தும் படிக்கலாம்னு அரசாங்கமே சொல்லியிருக்கே.

— அது பிள்ளைங்களுக்குச் சொன்னது. பிள்ளைங்க இல்லாம ஸ்கூலைத் திறந்து வச்சா அதுக்குப் பேரு குடோன். செவ்வாய்க்கிழமையோட ஆன்லைன் க்ளோஸ். சர்க்குலர் போயாச்சு. பாரிவாக்கம் ஃப்ளாட்டுக்காரங்க தொல்லை தாங்கல மேடம். எப்ப திறக்கறீங்க எப்ப திறக்கறீங்கன்னு குரூப்ல பிடுங்கறாங்க.

— அவங்க ஆபீஸெல்லாம் திறந்தாச்சா சார்?

— அதெப்படித் திறப்பான்? கொரோனா இருக்குல்ல? வீட்லேருந்துதான் வேலை. அவங்க மீட்டிங்ல இருக்கறப்போ பக்கத்து ரூம்ல பையன், ‘மிஸ், கேக்குதா மிஸ், கேக்குதா மிஸ்’னு கத்தறான். அதான் ஸ்கூலைத் திறங்கங்கறாங்க.

— அப்போ அனுப்பிடுவாங்களே, உங்களுக்கென்ன கவலை?

— அங்கதான் சிக்கல். திறக்கறோம்னதும் ஜகா வாங்கறாங்க. சம்மதக் கையெழுத்து கேட்டா பாதிப் பேர் போடல. முதல்ல டீச்சருங்க வராங்களான்னு பாக்கறோம்ங்கறாங்க.

— தபாரு மிஸ், நம்ப பக்கம் எல்லா சேஃப்ட்டியும் கீது. வாசல்ல நான்தான் நிப்பேன். நெத்தில சுட்ற துப்பாக்கி வாங்கிக் குட்த்துக்கீறாரு சாரு. எத்தினி பேர சுட்டாலும் ஒரே நம்பர்தான் காட்டுது. செவுத்த சுட்டேன், அதே நம்பரு. வேன் டயர சுட்டேன், அதே நம்பரு.

— அப்போ அது ரிப்பேர் டில்லி.

— ரிப்பேர் இல்ல மிஸ். யாருக்கும் ஜொரம் இல்லன்னு அர்த்தம்.

— கரெக்ட். பாசிட்டிவா பாக்கணும் மேடம், இவனை மாதிரி. சரி, லேப் பிடிக்கலேன்னா விடுங்க. ரெண்டாவது ஐடியா ஒண்ணு மேனேஜ்மெண்ட்டுக்குத் தோணுச்சு. கிளாஸ்லயே, போர்டு பக்கத்துல, பிளாஸ்டிக் ஷீட்டு கட்டி ஒரு கேபின். உள்ள நீங்க, வெளிய பிள்ளைங்க.

— சினிமா தேட்டர் டிக்கெட் கவுண்டர் கணக்கா மிஸ். முன்னால ஒரு ஓட்ட வச்சிக்கீறேன். டவுட்டு கேக்குற புள்ள அதுல வாய வச்சி கேக்கும்.

— என் முகத்துக்கு நேராவா?

— நீ அந்தாண்ட திரும்பிக்க.

— உள்ள மூச்சு விடறதுக்கு?

— மேல மூடலையே. ஷீட்டு பத்தல.

— மேல திறந்திருந்தா அப்புறம் ஷீட்டு எதுக்கு சார்?

— ஃபோட்டோவுக்கு மேடம். ஐ மீன், பேரண்ட்ஸுக்கு ஒரு நம்பிக்கை வரணும்ல. சரி, அதுவும் வேண்டாமா? கடைசியா ஒண்ணு சொல்றேன். இதுக்கு மேல யாரும் இறங்கிவர முடியாது. நீங்க ஆன்லைன்லயே எடுங்க.

— ரொம்ப நன்றி சார்!

— முழுசாக் கேளுங்க. நீங்க லேப்ல கட்டில்ல உக்காந்துக்கிட்டு ஃபோன்ல எடுங்க. கீழ கிளாஸ்ல பிள்ளைங்க டிவியில பாக்கட்டும்.

— லேப்லேருந்து நான் ஃபோன்ல எடுப்பேன். அவங்க கீழ டிவியில பாப்பாங்க.

— அதேதான்.

— அதை நான் இந்த வீட்லேருந்தே பண்ணலாமே சார்?

— பண்ணலாம். ஆனா அது நேரடி வகுப்பு ஆகாதே.

— (சிரிக்கக்கூடாது. சிரித்தால் அழுகையும் கூடவே வந்துவிடும். எனக்கு மட்டும் வகுப்புக்குப் போக ஆசை இல்லையா? ஃபோனில் கறுப்புக் கட்டங்களைப் பார்த்து ஜோக் அடிக்கிறேன். எல்லோரும் மியூட்டில் இருக்கிறார்கள். மியூட்டிலேயே சிரித்திருப்பார்கள் என்று நானே முடிவுசெய்துகொண்டு அடுத்த கணக்குக்குப் போகிறேன். சரண் மேஜைக்கு அடியில் விரல்விட்டு எண்ணுவதைப் பார்க்காததுபோலப் பார்ப்பேனே, அதற்காகவே ஒரு நாள் போகலாம் என்று இருக்கிறது. நேற்றுக்கூட காட்டன் புடவை ஒன்றுக்குக் கஞ்சி போட்டு வைத்தேன். எதற்கென்று என்னையே நான் கேட்டுக்கொள்ளவில்லை.)

— மிஸ், நான் ஒண்ணு சொல்ட்டா? சாரு கோச்சிக்கினாலும் பரவால்ல.

— சொல்லுங்க டில்லி.

— ஸ்கூலு தொறந்தாதான் வேனு. வேனு ஓடுனாதான் நானு. இப்ப அதே வேன்ல வெங்காயம் விக்கிறேன் மிஸ். பின்னால ‘பள்ளிக் குழந்தைகள், மெதுவாகச் செல்லவும்’னு எழுதிக்கீது, முன்னால மைக்க புடிச்சிகினு ‘பெரிய வெங்காயம்’னு கத்திகினு போறேன். சும்மா சொல்லக்கூடாது, புள்ளைங்கள வுட வெங்காயம் சமத்து. ஜன்னல் சீட்டுக்கு அடிச்சிக்காது, வாந்தி எடுக்காது. ஆனா எறங்கசொல்ல ‘டில்லிண்ணா டாட்டா’ன்னு சொல்லாது மிஸ்.

— அந்த வேனை உனக்கு மேனேஜ்மெண்ட் மனிதாபிமானத்துல குடுத்துது. அதையும் சொல்லு.

— வாடகைக்குத்தான சார் குட்த்தீங்க?

— மனிதாபிமான வாடகை.

— டில்லி, எனக்குப் புரியுது. விஜி வேலைக்குப் போறாங்களா இப்போ?

— நாலு ஊடு பாத்துகினு இருந்தா. மூணு ஊட்ல வராதன்ட்டாங்க. பேஜாரா கீது மிஸ். நீ ஒரு நாளு வந்து நின்னாகூட போதும். ஒரே ஒரு நாளு. நீ வந்துட்டன்னு தெரிஞ்சா பேரன்ட்சுங்க தானா அனுப்புவாங்க.

— (ஒரு நாள். மாஸ்க்கை இரண்டாகப் போட்டுக்கொண்டு, ஜன்னலோரம் நின்று, யாரிடமும் நெருங்காமல், ஒரே நாள். ‘சரிங்க’ என்ற சொல் நாக்கின் நுனிவரை வந்துவிட்டது. அக்கா ஞாயிற்றுக்கிழமைதோறும் ஃபோன் பண்ணி, “எப்படி இருக்கு?” என்பாள். எப்படி இருக்கே என்று கேட்கமாட்டாள், விசாரிப்பது அவள் கொடுத்ததை. “நல்லா இருக்கு” என்பேன். இந்த வாரம் என்ன சொல்வேன்? டில்லிபாபுவின் வெங்காயத்துக்காக ஒரு நாள் வெளியே கூட்டிப்போனேன் என்றா?)

— பாத்தீங்களா மேடம், டிரைவருக்கு இருக்கற பொறுப்பு! நீங்க வந்தா மொத்த ஸ்கூலும் வரும்.

— ஏன் சார்? மத்த டீச்சரெல்லாம் வராங்களே. அகல்யா வரா, எழிலரசி வரா. அவங்களைப் பாத்து நம்பிக்கை வராதா? நான் வந்தா மட்டும் எப்படி வரும்?

— அவங்கெல்லாம் நல்லா கீறவங்க மிஸ். நல்லா கீறவங்க வந்தா அதுல இன்னா கீது? உன்ன மாறி ஒடம்புக்கு...

— டில்லி, வாயை மூடு.

— போர்டுல போட்டதத்தான சார் சொல்ல வந்தேன்.

— எந்த போர்டு?

— அய்ய! மிஸ்சுக்கு தெரியாதா? கரையான்சாவடி சிக்னலாண்ட, ஆளு ஒசரத்துக்கு ஃப்ளெக்ஸு. நடூல ஒன் போட்டோ, சுத்தி ரோசாப்பூ. விஜி பாத்துட்டு நடுரோட்லயே அயுதுகினு போன் போட்டா. ‘இன்னாய்யா, ஆக்னஸ் மிஸ்சு பூட்டாங்களா, ஒரு வார்த்த சொல்லல’ன்னு.

— அது ஃப்ளெக்ஸ்காரன் தமிழரசு பண்ண தப்பு மேடம். ரெண்டு வருஷமா அவனுக்கு வந்ததெல்லாம் கண்ணீர் அஞ்சலி ஆர்டர். கை அதுலயே பழகிடுச்சு. ரோஜாவை எடுத்துட்டு சூரியன் போடச் சொல்லியிருக்கேன்.

— அதுல என்ன எழுதியிருக்கீங்க சார்?

— நல்லதாத்தான் எழுதியிருக்கோம்.

— என்ன எழுதியிருக்கீங்க?

— டில்லி, நீயே சொல்லித்தொலை.

— ‘மாற்றுச் சிறுநீரகம் பொருத்திய எங்கள் ஆசிரியையே வருகிறார். உங்கள் பிள்ளைகளுக்கு ஏன் பயம்?’ அப்டீன்னு கீது மிஸ். நம்பரு, ஸ்கூல் பேரு, அட்மிஷன் நடைபெறுகிறது.

— (ஆபரேஷனுக்கு லீவு போட்டபோது கர்ப்பப்பை என்று சொல்லியிருந்தேன். கர்ப்பப்பை என்றால் பெண்கள் தலையாட்டுவார்கள், ஆண்கள் வேறு பக்கம் பார்ப்பார்கள், அதோடு கேள்வி முடிந்துவிடும். அப்படி வருடக்கணக்கில் மூடிவைத்தது. அக்கா, என் கணவர் என்று வீட்டுக்குள் மட்டும் தெரிந்தது. உயிர்ப்பயத்தில் ஒரே ஒரு கடிதத்தில் எழுதினேன், இன்று இந்த கேட்டில் வாய்விட்டுச் சொன்னேன். இப்போது அது சிக்னலில் நிற்கிறது. சிவப்பு விழும்போதெல்லாம் பூந்தமல்லி மொத்தமும் நின்று என் வயிற்றைப் படித்துவிட்டுப் போகிறது.)

— ஏன் மேடம் ஒரு மாதிரி பாக்கறீங்க? ஃபோட்டோ நல்லாத்தான் வந்திருக்கு.

— சார், வரமுடியாதுன்னு சொல்றதுக்காக எழுதின லெட்டர் அது.

— தெரியும். ஆனா மேனேஜ்மெண்ட் அதைப் பாசிட்டிவா படிச்சுது.

— வந்து, எனக்கு ஏதாவது ஆயிட்டா?

— ச்சே ச்சே! அபசகுனமாப் பேசாதீங்க. ஒண்ணும் ஆகாது.

— ஆயிட்டா அந்த ரோஜாவை அப்படியே விட்டுடலாம் சார். ரெண்டு செலவு வேண்டாம்.

— மிஸ்சு... அப்டியெல்லாம் சொல்லாத மிஸ்சு. நான் அந்த போர்டு சமாச்சாரம் ஒனக்கு தெரியும்னு நெனச்சிகினு இருந்தேன். ஒன்ன கேட்டுகினுதான் போட்டாங்கன்னு.

— போர்டை எடுத்துடுங்க சார்.

— எடுத்துடலாம். நீங்க புதன்கிழமை வாங்க. பிள்ளைங்க வர ஆரம்பிக்கட்டும். நானே ஏணி போட்டு ஏறி அவுக்கறேன்.

— நான் வரல சார்.

— அவசரப்படாதீங்க. வரலேன்னா என்ன ஆகும்னு யோசிச்சீங்களா? செவ்வாயோட ஆன்லைன் முடியுது. அப்புறம் எந்த கிளாஸை எடுப்பீங்க? எம்.எஸ்சி., பி.எட். முடிச்ச பொண்ணுங்க பயோடேட்டா மேஜை மேல மலையாக் கிடக்கு. சின்னப் பொண்ணுங்க. எல்லா உறுப்பும் சொந்தம். உங்க வீட்டுக்காரர் கம்பெனியில வேற, அம்பத்தூர்ல, பாதிப் பேரைக் குறைச்சிட்டாங்கன்னு கேள்விப்பட்டேன்.

— அவரும் அந்தப் பாதியிலதான் சார்.

— பாத்தீங்களா? மாத்திரையெல்லாம் சும்மாவா குடுக்கறான்?

— (சும்மா கொடுப்பதில்லை. மாத்திரைக்குச் சம்பளம் வேண்டும், சம்பளத்துக்குப் பள்ளிக்கூடம் வேண்டும். பள்ளிக்கூடம் போனால் மாத்திரையே தேவைப்படாமல் போய்விடலாம். பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு இப்படி ஒரு கணக்குக் கொடுத்தால், மிஸ், கேள்வியே தப்பு என்பார்கள்.)

— அப்போ ரிசைன் பண்றீங்க. மேனேஜ்மெண்ட்கிட்ட அப்படிச் சொல்லிடவா?

— இல்ல சார். நான் ரிசைன் பண்ணல. பிள்ளைங்களுக்குப் பாடம் இன்னும் பாதி இருக்கு. புதன்கிழமை காலையில எப்பவும்போல இங்கேருந்து கிளாஸ் எடுப்பேன். வேண்டாம்னா, வேண்டாம்னு நீங்கதான் சொல்லணும். நானா போகமாட்டேன்.

— இது என்ன புதுப் பேச்சா இருக்கு? இத்தனை வருஷத்துல உங்க வாயிலேருந்து ‘சரிங்க சார்’ தவிர நான் எதையும் கேட்டதில்ல.

— எனக்கும் புதுசாத்தான் சார் இருக்கு.

— டில்லி, போய் வண்டியைத் திருப்பு.

— இங்கயே திருப்பிக்கலாம் சார். தெரு தாராளமா கீது.

— முக்குல போய்த் திருப்பிட்டு வா. நிதானமா வா.

— சர்தான். வரேன் மிஸ். மன்சுல ஒண்ணும் வச்சிக்காத. கட்டில நாளைக்கே எறக்கிடறேன். பொடவைய வோணா அதுங்கிட்டயே வுட்டுர்றேன், இனிமே உருவுனா நல்லாருக்காது. வெங்காயம் ஒரு கிலோ கேட்டாண்ட வைக்கிறேன், காசு வேணாம்.

— வேண்டாம் டில்லி. வித்துப் பொழைங்க.

— சும்மா இரு மிஸ். வச்சிட்டேன்.

— ...நீங்க போகல சார்?

— போகணும். மேடம், ஒரு சின்ன விஷயம். டிரைவர் முன்னாடி வேண்டாம்னுதான் பாத்தேன்.

— சொல்லுங்க சார்.

— நம்ம கிருஷ்ணப்பிரியா.

— உங்க பேத்தி. டென்த் பி. ஜாமெட்ரி அழகா வரும் அவளுக்கு. என்ன ஆச்சு?

— ஒண்ணும் ஆகல. அவளுக்குச் சின்னதுலேருந்து வீசிங் உண்டு. தலையணைக்குக் கீழ பஃப் வச்சிக்கிட்டுத்தான் தூங்குவா. மருமக ஒத்தக்கால்ல நிக்கறா, ஸ்கூலுக்கு அனுப்பவேமாட்டேன்னு. அவ சொன்னாக்கூட பரவாயில்ல. நானும்... எனக்கும் மனசு வரல மேடம். ஒரே பேத்தி.

— (இவ்வளவு நேரத்தில் முதல்முறையாக இவர் பேசுகிறார். மேனேஜ்மெண்ட் எங்கோ போய்விட்டது. மாஸ்க்கும் தானாகவே மூக்குக்கு மேலே ஏறியிருக்கிறது. கண்கள் மட்டும் தெரிகின்றன. அவை என் அக்கா ஆபரேஷன் தியேட்டர் வாசலில் என்னைப் பார்த்த கண்கள் போலவே இருப்பது எனக்குப் பிடிக்கவில்லை.)

— வேண்டாம் சார். அவ வீட்லயே இருக்கட்டும். அதுதான் சரி.

— அதான். அவளுக்கு மட்டும் நீங்க தனியா, ஆன்லைன்ல, இங்கேருந்தே எடுத்தீங்கன்னா...

— மத்த பிள்ளைங்க? ரேஷ்மா அம்மா பயப்படறாங்க. சரண் வீட்ல போன மே மாசம்தான் அவங்க தாத்தா போனாரு.

— அவங்கவங்க பிள்ளையை அவங்கவங்க பாத்துப்பாங்க மேடம்.

— தனியா எடுக்கமாட்டேன் சார். கிளாஸ் நடந்தா அவளும் அந்தக் கிளாஸ்ல உக்காரட்டும்.

— கிளாஸ்தான் செவ்வாயோட...

— ஆமா சார். அதை நீங்கதான் சொன்னீங்க.

— ...சரி. சரி மேடம். ஆன்லைன் நடக்கட்டும். வேணுங்கறவங்க வீட்லேருந்து பாக்கட்டும். நீங்களும் வரவேண்டாம். சம்பளத்துல கை வைக்கல. போர்டை இன்னைக்கே அவுக்கறேன். போதுமா?

— நிஜமாவா சார்?

— நான் சொல்றேன். ஒண்ணே ஒண்ணு மட்டும் கேக்கறேன். கிருஷ்ணப்பிரியா கிளாஸுக்கு வேற பேர்ல வருவா. கவிதான்னோ ஏதோ ஒண்ணு. வீடியோவை அணைச்சிட்டு உக்காந்துப்பா. நீங்க கண்டுக்காதீங்க. கரெஸ்பாண்டென்ட் பேத்தியே வீட்ல இருக்கான்னு வெளிய தெரிஞ்சா, பாரிவாக்கத்துலேருந்து ஒரு பிள்ளை ஸ்கூலுக்கு வராது. அவ்வளவுதான். ஒரு பேர்தானே மேடம்?

— (நான் கேட்டதெல்லாம் கேட்டுக்கு அந்தப் பக்கம் வந்து நிற்கிறது. உயிர், வேலை, சிக்னலில் தொங்கும் என் முகம், எல்லாம். ரேஷ்மாவின் அம்மா நேற்று ஃபோனில் கேட்டாள்: “அனுப்பலாமா மிஸ்? பெரிய சாரோட பேத்தியும் அதே கிளாஸ்தானே, அவளே வராளாமே, அப்ப பயமில்லதானே?” தெரியவில்லை என்று சொல்லி வைத்தேன். நேற்று தெரியாது.)

— என்ன மேடம்? சரிதானே?

— இல்ல சார். கிருஷ்ணப்பிரியா வரட்டும், நான் நல்லாப் பாத்துக்கறேன். ஆனா எல்லாருக்கும் கேக்கற மாதிரி, அவ பேரைச் சொல்லித்தான் அட்டெண்டன்ஸ் எடுப்பேன்.